மார்த்தாவின் 17 கோல்களை க்ளோசேவின் 16-க்குப் பக்கத்தில் வைக்கலாமா?

21 ஆகஸ்ட் 2023 – வந்த கேள்வி

"அக்கா, நேற்று ஸ்பெயின் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கியது. போகிற போக்கில் எல்லாரும் ஒரு வரி எழுதுகிறார்கள்: ஆண்கள், பெண்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் உலகக் கோப்பையில் அதிக கோல் பிரேசிலின் மார்த்தாவுடையதுதான், 17, ஆண்களில் ஜெர்மனியின் க்ளோசே 16. எனக்கு இது ஒப்பவில்லை. பெண்கள் உலகக் கோப்பையில் 13-0, 11-0 என்றெல்லாம் ஆட்டம் முடிகிறது. அப்படிப்பட்ட போட்டியில் அடித்த கோலையும் ஆண்கள் போட்டியில் அடித்த கோலையும் ஒரே தராசில் வைப்பது சரியா?"

21 ஆகஸ்ட் 2023, இரவு

சரிதான். வைக்கலாம். ஆனால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி, யாருக்கு எதிராக என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மார்த்தா அடித்த 17-ல் அமெரிக்காவுக்கு எதிராக 4. நார்வேக்கு எதிராக 3. சீனா 2, ஆஸ்திரேலியா 2, தென்கொரியா 2, நியூசிலாந்து 2, ஸ்வீடன் 1, இத்தாலி 1. அமெரிக்கா நான்கு முறை கோப்பை வென்ற அணி. நார்வே 1995-ல் வென்றது. சீனாவும் ஸ்வீடனும் இறுதி ஆட்டம் வரை வந்தவை. மார்த்தா கோல் அடித்த எந்த உலகக் கோப்பை ஆட்டத்திலும் பிரேசில் ஐந்துக்கு மேல் அடித்ததில்லை. உலகக் கோப்பையில் அவருக்கு ஒரு ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) கூடக் கிடையாது. நீங்கள் சொல்கிற 13-0 ரக ஆட்டத்தில் வந்த கோல் அந்தக் கணக்கில் ஒன்றுமே இல்லை.

க்ளோசேவுக்கு இருக்கிறது. 2002-ல் சவூதி அரேபியாவை ஜெர்மனி 8-0 என்று அடித்ததே, அதில் மூன்று அவருடையவை. அதற்காக அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அர்ஜென்டினாவுக்கு எதிராக 2006-ல் ஒன்று, 2010-ல் இரண்டு. 2014 அரையிறுதியில் பிரேசிலை அதன் சொந்த மண்ணில் வைத்து அடித்ததுதான் பதினாறாவது. பெரிய ஆட்டக்காரர். ஆனால் எளிய எதிரணி கிடைத்தது அவருக்குத்தான், மார்த்தாவுக்கு அல்ல.

இன்னொன்று, 17-ஐ எட்டியபோது மார்த்தா ஆடியிருந்தது 20 ஆட்டத்துக்கு மேல் இல்லை. க்ளோசேவுக்கு 24.

22 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்தால்தான் நியாயம். மார்த்தாவின் 17-ல் 7 பெனால்டி. க்ளோசேவின் 16-ல் ஒரு பெனால்டிகூட இல்லை. பெனால்டி இல்லாத கோல் மட்டும் எண்ணினால் க்ளோசேதான் முன்னால் நிற்பார், அதுவும் நல்ல இடைவெளியில்.

இதை வைத்து 17-ஐத் தள்ளிவிடலாமா? எனக்கு மனம் வரவில்லை. பெனால்டியும் கோல்தான், கோடி பேர் பார்க்க 11 மீட்டரில் தனியாக நிற்கிற ஆளுக்கு அது இனாமாக வருவதில்லை. 2007 இறுதி ஆட்டத்தில் இதே மார்த்தா அடித்த பெனால்டியை ஜெர்மனி கோல்கீப்பர் நாடின் ஆங்கெரர் தடுத்துவிட்டார், பிரேசில் 0-2 என்று தோற்றது. அப்படித் தடுக்கப்பட்ட பிறகும் அடுத்தடுத்த உலகக் கோப்பைகளில் பெனால்டி அடிக்க அவரேதான் வந்து நின்றார்.

22 ஆகஸ்ட் 2023, மாலை

"பெனால்டி ராணி" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காக ஒரு கோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2007 அரையிறுதி, சீனாவின் ஹாங்ஜோ, எதிரணி அமெரிக்கா, 79-வது நிமிடம். பிரேசில் ஏற்கெனவே 3-0 என்று முன்னால். பெனால்டி பகுதிக்கு வெளியே இடப்பக்கம், கோலுக்கு முதுகைக் காட்டியபடி மார்த்தா நிற்கிறார், பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு டிஃபென்டர். பந்து வருகிறது. அதை நிறுத்தவில்லை. காலால் தட்டி டிஃபென்டரின் ஒரு பக்கமாக அனுப்பிவிட்டு, தான் மறுபக்கமாகச் சுழன்று ஓடி, அந்தப் பக்கம் பந்தைப் பிடித்துக்கொள்கிறார். பந்து போன திசையை நம்புவதா, ஆள் போன திசையை நம்புவதா என்று அந்த டிஃபென்டர் தீர்மானிப்பதற்குள் வேலை முடிந்தது. அடுத்து இன்னொருவர் குறுக்கே வருகிறார். உள்பக்கம் ஒரு வெட்டு, தாழ்வாக ஒரு உதை. 4-0.

அந்த ஆட்டத்துக்கு முன் அமெரிக்கா 51 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி. முதல் பாதியிலேயே ஷானன் பாக்ஸ் ரெட் கார்டு வாங்கியதால் பத்துப் பேரோடு ஆடினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சுழலுக்குப் பதினோராவது ஆள் இருந்திருந்தாலும் மருந்து இருந்திருக்காது. பதிவை எத்தனையோ தடவை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டேன். பந்தைத் தொடுவதற்கு முன்னாலேயே அவர் தோள் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் அந்தத் தோளைத்தான் காட்டுகிறேன், அப்புறம்தான் காலை.

24 ஆகஸ்ட் 2023

13-0 விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூன் 11, ரேம்ஸ் நகரம், அமெரிக்கா – தாய்லாந்து. இடைவேளையில் 3-0தான். மீதிப் பத்தும் இரண்டாம் பாதியில். அலெக்ஸ் மார்கன் மட்டும் 5. 1991-ல் அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் ஒரே ஆட்டத்தில் 5 அடித்த சாதனையோடு சேர்ந்துகொண்டார். உலகக் கோப்பை இறுதிச்சுற்று ஆட்டங்களில், ஆண்கள் பெண்கள் எதிலும், இதைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது.

பெண்கள் ஆட்டத்தின் தரம் இவ்வளவுதான் என்பதற்கு இதையே சாட்சியாகச் சொல்கிறீர்கள். ஆண்கள் பக்கமும் பாருங்கள். 1954-ல் ஹங்கேரி தென்கொரியாவை 9-0, 1974-ல் யூகோஸ்லாவியா ஜயீரை 9-0, 1982-ல் ஹங்கேரி எல் சால்வடாரை 10-1. 2001-ல் தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று அடித்தது. போட்டியைப் புது நாடுகளுக்குத் திறந்துவிட்டால் முதல் சில வருடம் இப்படித்தான் இருக்கும். ஆண்களுக்கு உலகக் கோப்பை வந்தது 1930. பெண்களுக்கு 1991. 61 வருடம் பின்னால் தொடங்கியவர்கள்.

அந்த 13-0 ஆட்டத்தில் அமெரிக்கர்கள் ஒவ்வொரு கோலுக்கும் குதித்துக் கொண்டாடியது தப்பு என்று அப்போது உலகமே பேசியது. எனக்கும் அன்று ராத்திரி அப்படித்தான் பட்டது. அப்புறம் மாறிவிட்டது, காரணம் ஸ்கோர் கார்டில் இருக்கிறது. மார்கனின் ஐந்தைக் கழித்தால் மீதி எட்டை ஆறு பேர் அடித்திருக்கிறார்கள். அதில் முதல் உலகக் கோப்பை ஆடுகிற பெண்கள் இருந்தார்கள். வாழ்நாளில் ஒருமுறை வருகிற அந்த முதல் கோலை முகத்தை இறுக்கிக்கொண்டு வாங்கிக்கொள் என்று யாரிடம் சொல்வது?

அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்து ஸ்வீடனிடம் 5-1 என்று தோற்றது. அந்த ஒன்றை காஞ்சனா சுங்ஙேர்ன் கடைசி நிமிடங்களில் அடித்தபோது, அணியின் மேலாளர் நுவல்பன் லாம்சாம் தேம்பித் தேம்பி அழுதார். முடியுமானால் இரண்டு ஆட்டத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

பள்ளிப் பெண்கள் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பவள் நான். இரட்டை இலக்கத்தில் கோல் வாங்கிய ஒரு கோல்கீப்பர் பிள்ளை, ஆட்டம் முடிந்ததும் என்னிடம் ஓடிவந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடைசியா ஒண்ணு பிடிச்சேனே, பார்த்தீங்களாக்கா?" பார்த்தேன். இடது கம்பத்தோரம், ஒற்றைக் கையால்.

27 ஆகஸ்ட் 2023

11-0 பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2007 தொடக்க ஆட்டம், ஷாங்காய், ஜெர்மனி – அர்ஜென்டினா. அன்று அர்ஜென்டினாவின் கோலில் நின்றவர் வனினா கொரேயா. ஜெர்மனி அந்தப் போட்டி முழுக்க ஒரு கோல்கூட விடாமல் கோப்பையை வென்றது. ஆங்கெரர் 540 நிமிடம் வலையைக் காத்து, 1990-ல் இத்தாலி ஆண்கள் அணியின் கோல்கீப்பர் வால்டர் ஜெங்கா வைத்திருந்த 517 நிமிடத்தைத் தாண்டினார். பெண்கள் கால்பந்தில் எனக்கு மிகப் பிடித்த எண் அந்த 540.

ஆனால் அதே ஆட்டத்தின் எதிர்முனையில் இருந்தவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கொரேயா பிற்பாடு ஆட்டத்தை விட்டு விலகினார், இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானார், திரும்பி வந்தார். 2017-ல் அர்ஜென்டினாப் பெண்கள் தங்களுக்கு வரவேண்டிய படிப்பணம் வராததால் வேலைநிறுத்தமே செய்தார்கள். அவ்வளவு கேட்பாரற்றுக் கிடந்தது அந்த அணி. 2019-ல் அதே கொரேயா கோலில் நிற்க, அர்ஜென்டினா ஜப்பானோடு 0-0. அடுத்து இங்கிலாந்தோடு 0-1. அதில் நிகிதா பாரிஸ் அடித்த பெனால்டியைக் கொரேயா பாய்ந்து தடுத்தார். மூன்றாவதில் ஸ்காட்லாந்திடம் 0-3 என்று பின்தங்கி, கடைசியில் 3-3. கடைசி கோல் மறுபடி அடிக்கச் சொன்ன பெனால்டியில் வந்தது.

சாதனைப் பட்டியலில் இது எந்தத் தலைப்பின்கீழும் வராது. 11 கோல் வாங்கியவர் என்று அவர் ஆட்டம் ஒன்று மட்டும் பட்டியலில் நிரந்தரமாக இருக்கும்.

2 செப்டம்பர் 2023

ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் அடித்த முதல் ஆள் ரொனால்டோ என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். இல்லை. மார்த்தா, 2019 ஜூன் 13, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. ஒரு வாரம் கழித்து கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர், நெதர்லாந்துக்கு எதிராக. ரொனால்டோ செய்தது 2022-ல். ஆண்களில் முதல்வர் என்று எழுதுங்கள், சண்டை இல்லை.

10 செப்டம்பர் 2023

ஏக்கர்ஸ் பற்றிக் கேட்டவருக்கு. ஒரே உலகக் கோப்பையில் அதிக கோல், பெண்களில்: ஏக்கர்ஸ், 10, 1991 சீனா. ஐந்து, சீன தைபேக்கு எதிரான காலிறுதியில். இறுதி ஆட்டத்தில் குவாங்ஜோவில் நார்வேயை 2-1 என்று வென்றபோது இரண்டும் அவருடையவை. அன்று ஸ்டேடியத்தில் 63,000 பேர் என்று கணக்கு.

இந்த 10-ஐ எழுதும்போது விட்டுவிடுகிற ஒரு தகவல் உண்டு. 1991-ல் பெண்களுக்கு ஆட்டம் 80 நிமிடம்தான். 90 நிமிடம் தாங்கமாட்டார்கள் என்று நினைப்பு. உலகக் கோப்பை என்ற பெயரைக் கொடுக்கவும் உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவுக்குத் தயக்கம். ஒரு மிட்டாய்க் கம்பெனியின் கோப்பைக்கான உலகச் சாம்பியன் போட்டி என்று நீட்டி முழக்கிப் பெயர் வைத்தார்கள். ஆக, ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்து நிமிடம் பிடுங்கிக்கொண்ட பிறகு வந்த பத்து அது. ஆண்கள் போட்டியில் பிரான்ஸின் ஜஸ்ட் ஃபோன்டெய்ன் 1958-ல் அடித்த 13-ஐ அதோடு ஒப்பிடுகிறவர்கள் நிமிடத்தையும் ஒப்பிட வேண்டும்.

எனக்கு இது வெறும் தகவல் இல்லை. ஒரு பள்ளி நடத்திய போட்டியில் பெண் பிள்ளைகள் ஆட்டத்தை மட்டும் பாதிக்குப் பதினைந்து நிமிடமாக வெட்டினார்கள். பையன்களுக்கு முழு நேரம். காரணம் கேட்டேன். "வெயில் மேடம், பொம்பளைப் பிள்ளைங்க" என்றார்கள். அதே வெயில், அதே மைதானம். நான் விசிலை மேசையில் வைத்துவிட்டு, சம நேரம் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கொடுத்தார்கள். அந்த மீதி நேரத்தில்தான் வெற்றி கோலே வந்தது.

17 செப்டம்பர் 2023

பெண்கள் ஆட்டத்துக்கு அதிகக் கூட்டம் வந்த சாதனையைப் பற்றி நீண்ட சண்டை நடந்திருக்கிறது. என் பங்கு:

உலகக் கோப்பையில் 90,185, 1999 இறுதி ஆட்டம், ரோஸ் பவுல். அமெரிக்கா – சீனா 0-0, பெனால்டியில் 5-4. கிளப் ஆட்டத்தில் 91,648, 2022 ஏப்ரல் 22, கேம்ப் நோ, பார்சிலோனா – வொல்ஃப்ஸ்பர்க். பட்டியலில் இருப்பவை இவை.

பட்டியலில் இல்லாதது 1971 செப்டம்பர் 5, மெக்சிகோ நகரின் அஸ்டெக்கா. டென்மார்க் – மெக்சிகோ, 3-0. மூன்றையும் அடித்த சுசான் ஆகஸ்டெசெனுக்கு வயது 15. கூட்டம் ஒரு லட்சத்துக்கு மேல். கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசி, பெண்கள் ஆட்டத்தை வேடிக்கைப் பொருளாக்கிப் பார்த்தார்கள். வந்த கூட்டமோ ஆட்டத்தைப் பார்த்தது. ஃபிஃபா நடத்தாத போட்டி என்பதால் அதிகாரபூர்வக் கணக்கில் அந்தக் கூட்டமும் இல்லை, அந்த ஹாட்ரிக்கும் இல்லை.

"அதிகாரபூர்வம் இல்லை என்றால் இல்லைதான்" என்கிறார் நண்பர். யார் அதிகாரம்? 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அரை நூற்றாண்டு நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. சாதனையை எழுதி வைக்க வேண்டியவர்களே மைதானக் கதவைப் பூட்டியவர்கள். அவர்கள் ஏட்டில் இல்லை என்பதற்காக அந்த ஒரு லட்சம் பேரை நான் கணக்கிலிருந்து எடுக்கமாட்டேன்.

6 டிசம்பர் 2023

சின்க்ளேர் விடைபெற்றார். வான்கூவரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அந்த ஒரு ராத்திரிக்கு ஸ்டேடியத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். 331 ஆட்டம், 190 கோல். நாட்டுக்காக இத்தனை அடித்தவர் ஆண்களிலும் இல்லை, பெண்களிலும் இல்லை.

இழையின் பழைய கேள்வி இங்கே மறுபடி வரும், நானே எடுத்துவிடுகிறேன். அந்த 190-ல் எளிய எதிரணிகள் நிறைய. அமெரிக்காவின் ஆபி வாம்பாக்கின் 184-ஐத் தாண்டிய கோலே செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸுக்கு எதிராக 11-0 என்று முடிந்த ஆட்டத்தில் வந்தது. இந்த இடத்தில் தம்பியின் சந்தேகத்துக்கு வலு உண்டு. மார்த்தாவின் 17 போல ஒவ்வொன்றும் கனமானது என்று சொல்லமாட்டேன்.

ஆனால் 2012 ஒலிம்பிக் அரையிறுதி இருக்கிறது, ஓல்டு டிராஃபோர்டு. அமெரிக்காவுக்கு எதிராகக் கனடா மூன்று முறை முன்னிலை பெற்றது. மூன்றும் சின்க்ளேர். கனடா கோல்கீப்பர் பந்தைக் கையில் அதிக நேரம் வைத்திருந்தார் என்று நடுவர் ஃப்ரீ கிக் கொடுத்தார். அது ஒருவர் கையில் பட்டுப் பெனால்டியாகி 3-3. கூடுதல் நேரமும் முடிந்து, காயங்களுக்குச் சேர்த்த 123-வது நிமிடத்தில் மார்கன் தலையால் முட்டி 4-3. ஒரு நடுவராகச் சொல்கிறேன், அந்த விதியை அந்த மாதிரி ஆட்டத்தில் அப்படிப் பயன்படுத்தி நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒன்பது வருடம் கழித்து டோக்கியோ அரையிறுதியில் அதே அமெரிக்காவை 1-0 என்று வென்று, கனடா தங்கமும் வாங்கியது. சின்க்ளேருக்கு அப்போது 38.

18 மே 2024

2027 உலகக் கோப்பை பிரேசிலுக்கு என்று நேற்று பாங்காக்கில் முடிவானது. பெண்கள் உலகக் கோப்பை தென் அமெரிக்காவுக்குப் போவது இதுவே முதல் தடவை.

பிரேசிலில் 1941-ல் சட்டம் போட்டுப் பெண்கள் கால்பந்தைத் தடுத்தார்கள். நீக்கியது 1979. பிரேசில் ஆட்டக்காரர் ஃபோர்மிகா பிறந்தது 1978 மார்ச். அவர் பிறந்த அன்று அந்த நாட்டில் ஒரு பெண் கால்பந்து ஆடுவது சட்டப்படி குற்றம். அந்தப் பெண்தான் 1995 முதல் 2019 வரை ஏழு உலகக் கோப்பை ஆடினார். 1996 முதல் 2021-ல் நடந்த டோக்கியோ வரை ஏழு ஒலிம்பிக்கும். ஆண்களிலும் பெண்களிலும் ஏழு உலகக் கோப்பை ஆடியவர் வேறு யாரும் இல்லை. 2019-ல் 41 வயதில் நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருந்தார்.

இந்த இழையில் ஒரே ஒரு சாதனையைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் 17-ஐ விட்டுவிட்டு இந்த ஏழு உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வேன். போன வருடம் கேட்டிருந்தால் மார்த்தா என்றுதான் சொல்லியிருப்பேன்.

29 ஜூலை 2024

நேற்று பாரிஸ் ஒலிம்பிக்கில், நீஸ் நகரில் ஆஸ்திரேலியா 6, ஜாம்பியா 5. ஜாம்பியா 5-2 என்று முன்னால் இருந்து தோற்றது. ஜாம்பியாவின் பார்ப்ரா பண்டா ஹாட்ரிக்.

டோக்கியோவிலும் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு ஹாட்ரிக்: நெதர்லாந்திடம் 3-10, சீனாவோடு 4-4. ஆக, ஒலிம்பிக்கில் மூன்று ஹாட்ரிக், அந்த மூன்று ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. அந்த 10-3 ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் விவியன் மீடமா நான்கு அடித்தார். மொத்தம் நான்கே ஆட்டத்தில் 10 கோல் போட்டு, ஒரு ஒலிம்பிக்கில் அதிக கோல் என்ற சாதனையை எடுத்துக்கொண்டார். எளிய எதிரணி என்று சொல்கிறோமே, அந்த எளிய எதிரணியில் பண்டா இருந்தார்.

6 ஜூலை 2025

நேற்று சியாங் மாயில் இந்தியா 2, தாய்லாந்து 1. இரண்டும் சங்கீதா பாஸ்போர். தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்குப் போவது நமக்கு இதுதான் முதல் முறை. ஆமாம், அதே தாய்லாந்து, 13-0 தாய்லாந்து. இரண்டு முறை உலகக் கோப்பை ஆடிய அணி.

"இந்தியா எப்போது ஆசியாவில் ஆடியது" என்று சிரிக்கிறவர்களுக்கு: 1980 ஜனவரியில் ஆசியப் போட்டி நம் பக்கத்திலேயே கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இறுதி ஆட்டம் வரை போய் சீன தைபேயிடம் தோற்றது. 1983-லும் இரண்டாமிடம். 2022-ல் நாமே நடத்திய போட்டியிலிருந்து கொரோனாவால் அணியை இறக்க முடியாமல் பாதியில் வெளியேறினோம். அதற்கு மூன்று வருடம் கழித்து இது. நேற்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

3 ஆகஸ்ட் 2025

கீட்டோவில் நேற்று நடந்த கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் போட்டி) இறுதி ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். பிரேசில் 4, கொலம்பியா 4. மார்த்தா, 39 வயது, மாற்று ஆளாகத்தான் இறங்கினார். ஆட்டம் 3-2 என்று கொலம்பியாவுக்கு முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த 96-வது நிமிடத்தில் பெனால்டி பகுதிக்கு வெளியே இருந்து ஒரு உதை, 3-3. கூடுதல் நேரத்தில் இன்னொன்று, 4-3. கொலம்பியாவின் லெய்சி சாண்டோஸ் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் பிரேசில் 5-4. அதில் மார்த்தாவின் உதையும் தடுக்கப்பட்டது.

"அப்போ 19 ஆகிவிட்டதா" என்று கேட்ட தம்பிக்கு: இல்லை, இது கோபா. உலகக் கோப்பைக் கணக்கு 17-லேயே நிற்கிறது. ஷூட் அவுட்டில் அடிப்பவையும் எந்தப் போட்டியிலும் ஆட்டக்காரரின் கோல் கணக்கில் சேராது. ஆட்ட நேரத்திலும் கூடுதல் நேரத்திலும் வருகிற பெனால்டி மட்டும் சேரும். மார்த்தாவுக்கு நான் முன்பு சொன்ன ஏழு பெனால்டியும் அந்த வகைதான்.